ராமானுஜன் சமைத்துக்கொண்டே விடை சொன்ன புதிர்: அதை எழுதிய ஹென்றி டூட்னி யார்?

1914-ம் ஆண்டின் இறுதி. முதல் உலகப் போர் தொடங்கி சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், திரினிட்டி கல்லூரி அறை ஒன்றில் கும்பகோணத்து இளைஞர் ஒருவர் அடுப்பில் காய்கறி வதக்கிக்கொண்டிருந்தார். அவர் ராமானுஜன். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் கிளார்க் வேலை பார்த்துவிட்டு, அந்த ஆண்டு ஏப்ரலில்தான் கப்பலேறி வந்து சேர்ந்திருந்தார்.

பக்கத்தில் மேஜையருகே உட்கார்ந்திருந்த நண்பர் பி.சி. மஹலனோபிஸ். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர். அவர் கையில் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகை. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளால் புகழ்பெற்ற அதே பத்திரிகைதான். அதன் டிசம்பர் இதழில் வந்திருந்த ஒரு புதிருக்குச் சில நிமிடங்கள் எண்களைப் போட்டுப் பார்த்து மஹலனோபிஸ் விடை கண்டுபிடித்திருந்தார். அதை ராமானுஜனிடம் வாசித்துக் காட்டினார்.

ராமானுஜன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கிளறிக்கொண்டே விடையை எழுதிக்கொள்ளச் சொன்னார். அது ஒற்றை எண் அல்ல. அந்தப் புதிருக்குச் சாத்தியமான எல்லா விடைகளையும் வரிசையாகத் தரும் ஒரு தொடர் பின்னம். மஹலனோபிஸ் வாயடைத்துப் போனார்.

இந்தக் கதை ராமானுஜனைப் பற்றிப் படித்த பலருக்கும் தெரிந்திருக்கும். ஆனால், அந்தப் புதிரை உருவாக்கியது யார் என்று கேட்டால் பெரும்பாலானோருக்குத் தெரியாது. அவர் பெயர் ஹென்றி எர்னஸ்ட் டூட்னி. கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாரானபோது எழுத்துகளுக்குப் பதில் எண்களைக் கண்டுபிடிக்கும் கணக்கைப் போட்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டவரா நீங்கள்? அப்படியானால் உங்களுக்கும் இவருக்கும் பழைய பகை உண்டு.

அந்தப் புதிர் என்ன?

பெல்ஜியத்தில் லூவென் என்று ஒரு நகரம். அங்கே நீளமான தெரு. தெருவின் ஒரு பக்கத்தில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு வீட்டில் நண்பர் இருக்கிறார். அவர் வீட்டுக்கு இடது பக்கம் உள்ள எல்லா வீட்டு எண்களையும் கூட்டினால் வருகிற தொகையும், வலது பக்கம் உள்ள எல்லா எண்களையும் கூட்டினால் வருகிற தொகையும் ஒன்று. அந்தப் பக்கத்தில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள் இருக்கின்றன. நண்பரின் வீட்டு எண் என்ன?

லூவென் சும்மா போகிற போக்கில் சொல்லப்பட்ட ஊர் அல்ல. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் ஜெர்மானியப் படை அந்த நகரத்தையும் அதன் பல்கலைக்கழக நூலகத்தையும் எரித்திருந்தது. கிராமத்து விடுதியில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறவர்கள் வாயில் அந்தச் செய்தியையே புதிராக்கி வைத்திருந்தார் டூட்னி. வெறும் எண்களைக் கொடுக்காமல் அதற்கொரு கதையைச் சேர்ப்பதுதான் அவருடைய பாணி.

விடையும் விளக்கமும் கட்டுரையின் கடைசியில் இருக்கின்றன. முதலில் முயன்று பாருங்கள்.

ஆடு மேய்த்த தாத்தா, பள்ளியைத் தாண்டாத பேரன்

டூட்னி பிறந்தது 1857 ஏப்ரல் 10, இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள மேஃபீல்ட் கிராமத்தில். அப்பா கிராமப் பள்ளி ஆசிரியர். தாத்தா ஜான் டூட்னி ஆடு மேய்ப்பவராக வாழ்க்கையைத் தொடங்கியவர். மந்தையைப் பார்த்துக்கொண்டே கணிதத்தையும் வானியலையும் தானே கற்று, பிறகு பள்ளி ஆசிரியராகவே ஆனவர்.

பேரனுக்கும் அதே பழக்கம் வந்தது. சின்ன வயதிலேயே செஸ் பழகினார். ஒன்பது வயதில் உள்ளூர்ப் பத்திரிகைக்குப் புதிர்கள் எழுதி அனுப்ப ஆரம்பித்துவிட்டார். ஆனால், கல்லூரிப் பக்கம் போகும் வாய்ப்பு கிடைக்கவில்லை. 13 வயதில் அரசுப் பணியில் கிளார்க்காகச் சேர்ந்தார். பகலில் கோப்புகள், மற்ற நேரத்தில் கணிதமும் செஸ்ஸும். முறையான கணிதப் பட்டம் எதுவும் வாங்காமலேயே, கணிதப் பேராசிரியர்கள் மூளையைக் கசக்கும் கேள்விகளை அவரால் எழுத முடிந்தது இப்படித்தான்.

கிளார்க் வேலை, தானே கற்ற கணிதம் என்ற இரண்டு விஷயத்திலும் கேம்பிரிட்ஜில் காய்கறி வதக்கியவருக்கும் இவருக்கும் பொருத்தம் இருந்தது.

பத்திரிகைகளுக்கு எழுதத் தொடங்கியபோது டூட்னி தன் பெயரைப் போடவில்லை. 'ஸ்பிங்க்ஸ்' என்ற புனைபெயரை வைத்துக்கொண்டார். கிரேக்கப் புராணத்தில் வழிப்போக்கர்களை நிறுத்தி விடுகதை கேட்கும் விலங்கின் பெயர் அது. விடை தெரியாதவர்களைக் கொன்றுவிடும். டூட்னியின் ஸ்பிங்க்ஸ் அவ்வளவு கொடூரம் இல்லை. சரியான விடைக்குப் பரிசு உண்டு.

கடிதத்தில் மலர்ந்த நட்பு

அதே காலத்தில் அமெரிக்காவில் புதிர் உலகத்தின் சூப்பர் ஸ்டாராக இருந்தவர் சாம் லாய்டு. டூட்னியைவிட 16 வயது மூத்தவர். செஸ் புதிர்களில் பெயர் பெற்றவர். விளம்பரத்துக்காகக் கம்பெனிகள் இலவசமாகக் கொடுக்கும் புதிர் அட்டைகளை உருவாக்கிப் பணம் பார்த்தவர். மக்களின் கவனத்தை எப்படி இழுப்பது என்பதில் கில்லாடி.

1890-களில் இருவரும் கடிதம் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். லண்டனிலிருந்து வெளிவந்த 'டிட்-பிட்ஸ்' வார இதழில் லாய்டின் புதிர்கள் வந்தபோது, ஸ்பிங்க்ஸ் என்ற பெயரில் டூட்னியும் அந்தப் பகுதிக்குத் தோள் கொடுத்தார். அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு, ஒருவர் போடும் முடிச்சை மற்றவர் அவிழ்ப்பது. இன்று நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் புதிர் போட்டு விளையாடுவதைப் போலத்தான். என்ன, ஒரு பதில் வருவதற்குக் கப்பல் கடலைக் கடந்து வர வேண்டும்.

அதில் டூட்னி ஒன்றைக் கவனிக்கவில்லை. அவர் நண்பர் என்று நம்பி அனுப்பிய புதிர்கள் அமெரிக்காவில் அச்சாகிக்கொண்டிருந்தன. அவர் பெயரில் அல்ல, லாய்டின் பெயரில்.

பெயரைத் திருடினால் என்ன ஆகும்?

விஷயம் தெரிந்ததும் டூட்னி கொதித்துப் போனார். தன் புதிர்களை லாய்டு திருடித் தன்னுடையவை என்று வெளியிடுகிறார் எனக் குற்றம்சாட்டி உறவை முறித்துக்கொண்டார். அந்தக் கோபம் வீட்டுக்குள்ளும் புகுந்தது. அப்பா ஆத்திரத்தில் துடித்ததைப் பார்த்துச் சிறுமியாக இருந்த மகள் பயந்துபோனார். சாம் லாய்டு என்றாலே சாத்தான் என்று அந்தக் குழந்தையின் மனதில் பதிந்துவிட்டது.

சரி, கேஸ் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். பதிப்புரிமைச் சட்டம் பாதுகாப்பது எழுதப்பட்ட வாசகத்தை. அதற்குள் இருக்கும் ஐடியாவை அல்ல. ஒரு புதிரின் உயிர் அதன் ஐடியாவில் இருக்கிறது. ஆட்டுக்காரரை வியாபாரியாக மாற்றி, ஊர் பெயரையும் எண்களையும் கொஞ்சம் திருத்தி எழுதிவிட்டால் சட்டத்தின் பார்வையில் அது வேறொரு எழுத்து. போதாக்குறைக்கு, வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு அமெரிக்கா பதிப்புரிமைப் பாதுகாப்பு தர ஆரம்பித்ததே 1891-ல்தான். அதுவும் புத்தகத்தை அமெரிக்காவிலேயே அச்சிட்டால்தான் கிடைக்கும் என்ற நிபந்தனையோடு.

லாய்டுக்கு இது ஒன்றும் புதிய பழக்கம் அல்ல. 15 கட்டைகளை நகர்த்தி வரிசைப்படுத்தும் சதுரப் புதிர் 1880-ல் உலகத்தையே பைத்தியமாக்கியது. அதைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று 1891-லிருந்து சொல்லிக்கொண்டிருந்தார் லாய்டு. ஊரும் நம்பியது. உண்மையில் அது நியூயார்க் மாநிலத்தில் கனஸ்டோட்டா என்ற ஊரின் தபால் அதிகாரி நோயஸ் சாப்மனின் கைவண்ணம். இது ஆய்வாளர்களால் உறுதியாவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

டூட்னி பதிலடி கொடுத்தது நீதிமன்றத்தில் அல்ல, கணக்கில். ஒரு குறிப்பிட்ட வடிவத்தை நான்கு துண்டாக வெட்டிச் சதுரமாகச் சேர்க்கலாம் என்று லாய்டு ஒரு விடை வெளியிட்டிருந்தார். அது பார்க்கச் சரியாக இருக்கும், அளந்தால் சதுரம் வராது என்று டூட்னி காட்டினார். ஐந்து துண்டில் முடியும் என்று சரியான விடையையும் கொடுத்தார்.

சாம் லாய்டு இறந்தது 1911 ஏப்ரல் 10. தற்செயலாக, டூட்னியின் 54-வது பிறந்தநாள்.

நான்கு துண்டு அதிசயம்

டூட்னியின் பெயர் நிலைத்து நிற்கக் காரணமான புதிர் 1902-ல் 'வீக்லி டிஸ்பாட்ச்' பத்திரிகையில் வந்தது. மூன்று பக்கமும் சமமான ஒரு முக்கோணம். அதை முடிந்தவரை குறைவான துண்டுகளாக வெட்டி, அவற்றைச் சேர்த்து ஒரு சதுரம் செய்ய வேண்டும். ஜவுளிக்கடைக்காரர் புதிர் என்று பின்னாளில் அது பெயர் பெற்றது.

விடை: நான்கே துண்டுகள். அதிலும் ஒரு வித்தை உண்டு. நான்கு துண்டுகளையும் முனைகளில் கீல் வைத்து ஒரு சங்கிலி போல இணைத்துவிடலாம். ஒரு பக்கமாகச் சுழற்றினால் முக்கோணம், மறு பக்கமாகச் சுழற்றினால் சதுரம். மஹோகனி மரத்தில் துண்டுகள் செய்து, பித்தளைக் கீல் போட்டு, 1905 மே 17 அன்று லண்டன் ராயல் சொசைட்டியில் டூட்னி இதைக் காட்சிக்கு வைத்தார். நியூட்டன் தலைவராக இருந்த சபையில், 13 வயதில் வேலைக்குப் போன ஒருவரின் மரப்பொம்மை.

இங்கே ஒரு நெருடல் இருக்கிறது. புதிர் வெளியானபோது பெரும்பாலான வாசகர்கள் அனுப்பியது ஐந்து துண்டு விடை. நான்கு துண்டில் முடியும் என்று அனுப்பியவர் மான்செஸ்டரைச் சேர்ந்த ஒரு வாசகர். அவரைப் பற்றி டூட்னியே தன் பகுதியில் குறிப்பிட்டார். அப்படியானால் நான்கு துண்டு வழி டூட்னிக்கு முன்பே தெரியுமா, அல்லது அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்ததா? புதிர் வரலாற்றை ஆராய்கிறவர்கள் இன்றும் எழுப்பும் கேள்வி இது. கீல் வைத்த வடிவத்துக்கும் டூட்னிக்குமான தொடர்பில் சந்தேகம் இல்லை. ஆனால், பெயர் திருட்டுக்காக நண்பரையே உதறியவரின் மிகப் பிரபலமான படைப்பிலும் இன்னொருவரின் பங்கு இருந்திருக்கலாம். அந்த மான்செஸ்டர் வாசகரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சிலந்தியும் ஈயும், அப்பாவிடம் பணம் கேட்பதும்

1907-ல் 'கேன்டர்பரி புதிர்கள்' என்ற முதல் புத்தகம் வந்தது. 1910-லிருந்து ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் அவருடைய மாதாந்திரப் புதிர்ப் பகுதி. சாகும்வரை 20 ஆண்டுகள் அதை அவர் நடத்தினார். 1917-ல் 'கணித வேடிக்கைகள்' என்ற பெரிய தொகுப்பு. இவற்றிலிருந்து இரண்டு மட்டும் இங்கே.

முதலாவது, சிலந்தி. 30 அடி நீளம், 12 அடி அகலம், 12 அடி உயரம் கொண்ட அறை. குறுகிய சுவர் ஒன்றின் நடுவில், கூரையிலிருந்து 1 அடி கீழே சிலந்தி உட்கார்ந்திருக்கிறது. எதிர்ச் சுவரின் நடுவில், தரையிலிருந்து 1 அடி மேலே ஈ. சிலந்தி சுவர், கூரை, தரை மீதுதான் ஊர்ந்து போக முடியும். குறைந்தபட்சம் எத்தனை அடி? 1 அடி ஏறி, கூரையில் 30 அடி நடந்து, 11 அடி இறங்கினால் 42 என்று யாரும் சொல்லிவிடுவார்கள். தப்பு. அதைவிடக் குறைந்த வழி இருக்கிறது.

இரண்டாவது, 1924 ஜூலை ஸ்ட்ராண்டில் வந்தது. ஆங்கிலத்தில் 'செண்ட்' என்று நான்கு எழுத்து. அதன் கீழே 'மோர்' என்று நான்கு எழுத்து. இரண்டையும் கூட்டினால் 'மணி' என்று ஐந்து எழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம், ஒரே இலக்கம் இரண்டு எழுத்துக்கு வரக் கூடாது. ஹாஸ்டல் பையன் அப்பாவுக்கு அனுப்பும் செய்தி மாதிரி இருக்கும் அந்தக் கூட்டலுக்கு ஒரே ஒரு விடைதான் உண்டு. சொற்களுக்கு அர்த்தமும் இருக்க வேண்டும், கணக்கும் சரியாக வர வேண்டும், விடையும் ஒன்றாக மட்டும் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே வரியில் சாதித்ததால்தான் நூறு வருடம் கழித்தும் ஆப்டிட்யூட் புத்தகங்களிலும் புரோகிராமிங் வகுப்புகளிலும் அது உயிரோடு இருக்கிறது.

ஒரு க்ளூ: இரண்டு நான்கு இலக்க எண்களைக் கூட்டினால் 20,000-ஐத் தாண்டாது. எனவே விடையின் முதல் எழுத்து 1 ஆகத்தான் இருக்க முடியும். அங்கிருந்து பிடித்துக்கொண்டு போங்கள்.

கணவர் பெயரில் எழுதிய மனைவி

டூட்னி 1884-ல் ஆலிஸ் விஃபினை மணந்தார். முதல் குழந்தை சில மாதங்களிலேயே இறந்துபோனது. 1890-ல் மகள் மார்ஜரி பிறந்தார். ஆலிஸ் நாவல் எழுத ஆரம்பித்தார். சசெக்ஸ் கிராமங்களின் உழைக்கும் மக்களைப் பற்றிய அவருடைய கதைகள் தாமஸ் ஹார்டியோடு ஒப்பிடப்படும் அளவுக்குப் பெயர் பெற்றன. கிராமப்புறத்தில் வீடு கட்டிக் குடிபோகும் அளவுக்கு வருமானமும் வந்தது. அந்தக் காலத்தில் வீட்டில் அதிகப் புகழ் பெற்ற எழுத்தாளர் மனைவிதான்.

ஆனால், அவருடைய புத்தக அட்டைகளில் இருந்த பெயர் திருமதி ஹென்றி டூட்னி.

திருமண வாழ்க்கை சுமுகமாக இல்லை. சில காலம் பிரிந்தும் இருந்தார்கள். பிறகு லூயிஸ் நகரில், பழைய கோட்டைக்குப் பக்கத்து வீட்டில் மீண்டும் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஆலிஸ் விடாமல் நாட்குறிப்பு எழுதினார். அது 1998-ல் புத்தகமாக வந்தபோதுதான், உலகத்துக்கு வேடிக்கை காட்டிய மனிதர் வீட்டில் எவ்வளவு முன்கோபியாக இருந்தார் என்பதும் வெளியே தெரிந்தது.

1930 ஏப்ரல் 23 அன்று, தொண்டைப் புற்றுநோயால் டூட்னி லூயிஸில் இறந்தார். வயது 73. அவர் விட்டுச்சென்ற புதிர்கள் அடுத்த ஆண்டே புத்தகமாயின. 1967-ல் அமெரிக்கப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் அவருடைய 536 புதிர்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு, லாய்டின் நாட்டிலேயே டூட்னி மறுபடியும் பேசப்பட்டார்.

இன்னும் அவிழாத முடிச்சு

டூட்னியின் சில கேள்விகள் புதிர் என்ற நிலையைத் தாண்டிக் கணித ஆராய்ச்சியாகவே மாறிவிட்டன.

செஸ் பலகையில் 16 சிப்பாய்களை வைக்க வேண்டும். எந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது, எந்தத் திசையிலும். 8 வரிசை, வரிசைக்கு அதிகபட்சம் 2 என்பதால் 16-க்கு மேல் வைக்க வழியே இல்லை. 8 கட்டப் பலகையில் இது முடியும். ஆனால் 100 கட்டம், 1,000 கட்டம் என்று பலகை பெரிதாகிக்கொண்டே போனால் வரிசைக்கு இரண்டு வைக்க எப்போதும் முடியுமா? யாராலும் இன்னும் நிரூபிக்க முடியவில்லை. மிகப் பெரிய பலகைகளில் முடியாது என்பதே பலரின் ஊகம்.

முக்கோணம் சதுரமாகும் புதிருக்கும் ஒரு பாக்கி இருந்தது. நான்கு துண்டு சரி, மூன்றில் முடியாதா? துண்டுகளைத் திருப்பிப் போடாமல் மூன்றில் முடியவே முடியாது என்று ஜப்பானையும் அமெரிக்காவையும் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் நிரூபித்து 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். பத்திரிகையில் கேட்கப்பட்ட கேள்விக்கு இந்தப் பதில் கிடைக்க 122 வருடம் ஆனது.

இன்று அலுவலக குரூப்பில் காலையில் ஒரு புதிர் வந்து விழுகிறது. ஐஏஎஸ் தேர்வில் கேட்டது, ஜீனியஸ்களால் மட்டுமே முடியும் என்றெல்லாம் ஒட்டுவாலோடு வரும். எழுதியவர் பெயர் மட்டும் இருக்காது. நண்பருக்கு அனுப்பிய கடிதத்திலிருந்து டூட்னியின் பெயர் கழன்று விழுந்தது போலவே, ஒவ்வொரு ஃபார்வர்டிலும் ஒரு பெயர் கழன்றுகொண்டேதான் இருக்கிறது. அடுத்த முறை எழுத்துகளைக் கூட்டும் கணக்கு உங்கள் குரூப்புக்கு வந்தால், விடையோடு அவர் பெயரையும் சேர்த்து அனுப்பலாம்.

விடைகள்

லூவென் வீடு: தெருவில் 288 வீடுகள், நண்பரின் வீட்டு எண் 204. இடது பக்கம் 1 முதல் 203 வரை கூட்டினால் 20,706. வலது பக்கம் 205 முதல் 288 வரை கூட்டினாலும் 20,706. வழி இதுதான்: இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டுமானால், தெருவின் எல்லா வீட்டு எண்களின் கூட்டுத்தொகை, நண்பரின் வீட்டு எண்ணின் வர்க்கமாக இருக்க வேண்டும். 50, 500 என்ற வரம்பை எடுத்துவிட்டால் விடைகள் முடிவில்லாமல் வரும்: 8 வீட்டில் 6, 49 வீட்டில் 35, 288 வீட்டில் 204, 1,681 வீட்டில் 1,189. ஒரு வீட்டு எண்ணை 6 ஆல் பெருக்கி, அதற்கு முந்தைய வீட்டு எண்ணைக் கழித்தால் அடுத்தது கிடைக்கும். 35-ஐ 6 ஆல் பெருக்கினால் 210, அதில் 6 போனால் 204. கரண்டியோடு நின்ற ராமானுஜன் சொன்ன தொடர் பின்னத்துக்குள் இந்த வரிசை முழுவதும் அடங்கியிருந்தது.

சிலந்தி: 40 அடி. ஸ்வீட் பாக்ஸைப் பிரித்துத் தரையில் விரிப்பதுபோல அறையை விரித்துப் பாருங்கள். விரிக்கும் விதத்தைப் பொறுத்து நேர்கோட்டின் நீளம் மாறும். மிகக் குறுகிய வழியில் சிலந்தி சுவர், கூரை, பக்கச் சுவர், தரை, எதிர்ச் சுவர் என்று அறையின் ஆறு முகங்களில் ஐந்தைத் தொட்டுப் போகிறது. விரித்த தாளில் அந்தக் கோடு, 32 அடியும் 24 அடியும் பக்கங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணம். அதன் நீளம் 40.

பணம் கேட்கும் கூட்டல்: 9567 + 1085 = 10652.